குடும்பத்தோடு கலிஃபோர்னியா: கார் சீட்டைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போகலாமா?

#1 வேளச்சேரி_வாசி

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு சன்னிவேல் போகிறோம். பெரியவளுக்கு ஐந்தரை வயது, 18 கிலோ, 110 செ.மீ. சின்னவனுக்கு 16 மாதம், 10 கிலோ, 78 செ.மீ. இங்கே கடையில் பிறந்த குழந்தை முதல் 36 கிலோ வரை தாங்கும் ஒரு சீட் காட்டினார்கள். ஐசோஃபிக்ஸ் (சீட்டைக் காரோடு நேரே பூட்டும் கொக்கி) உண்டு, ஈ.சி.ஈ. ஆர்44 முத்திரை உண்டு, நல்ல கம்பெனி. இதையே இரண்டு வாங்கி லக்கேஜில் போட்டுவிடலாமா? சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் நண்பர் காம்ரி கொண்டு வருகிறார். போன பிறகு பழைய கார் ஒன்று வாங்குவதாகத் திட்டம்.

#2 ஏழாம்_கியர்

வாங்காதீங்க சார். அமெரிக்காவில் ஓடும் காரில் குழந்தை உட்காரும் சீட்டுக்கு அந்த நாட்டுத் தரச்சான்று இருக்கணும். அதன் பெயர் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 213. சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு வெள்ளை லேபிளில், கூட்டரசு மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரங்கள் அனைத்துக்கும் இது பொருந்துகிறது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். நீங்கள் பார்த்த சீட்டில் ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ஓர் ஈ எழுத்தும் எண்ணும் இருக்கும். அது ஐரோப்பிய ஒழுங்குமுறை. இந்தியாவில் செல்லும், பிரிட்டனில் செல்லும், அமெரிக்காவில் செல்லாது.

கம்பெனிப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கிராக்கோ, சிக்கோ, மாக்ஸி-கோசி எல்லாம் இரண்டு பக்கமும் விற்கிறார்கள். ஆனால் சென்னையில் இருப்பது ஐரோப்பியச் சந்தைக்குச் செய்தது. லேபிள்தான் கணக்கு.

#3 பொறிஞர்_கோவை

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆர்44 சீட்டும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்துத்தான் வெளியே வருகிறது. அமெரிக்கச் சோதனை 48 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. ஐசோஃபிக்ஸ் கொக்கிகளுக்கு இடையே உள்ள 280 மி.மீ. இடைவெளியும் இரண்டு நாட்டுக் காரிலும் ஒன்றுதான். எனவே “ஆபத்தான சீட்” என்று பயமுறுத்த வேண்டாம். இரண்டுமே நல்ல சீட்தான்.

#4 ஏழாம்_கியர்

ஆபத்தானது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் வித்தியாசம் லேபிளோடு நிற்பதில்லை. அமெரிக்க சீட்டில் இரண்டு தோள்பட்டை வார்களையும் நெஞ்சில் சேர்த்துப் பிடிக்க ஒரு கிளிப் உண்டு. ஐரோப்பிய விதியில் ஒரே அமுக்கில் குழந்தை விடுபட வேண்டும் என்பதால் அங்கே அந்தக் கிளிப் கிடையாது. ரோந்துக் காவலருக்கும், சீட்டைச் சரிபார்க்கும் டெக்னீஷியனுக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். சான்று பெற்ற டெக்னீஷியன் உங்கள் ஐரோப்பிய சீட்டை மாட்டிக் கொடுக்க மாட்டார், புது சீட் வாங்கச் சொல்வார்.

ரீகால் விஷயத்தையும் யோசியுங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு சீட்டோடும் ஒரு பதிவு அட்டை வரும். அதை அனுப்பி வைத்தால், பக்கிளிலோ வாரிலோ குறை கண்டுபிடிக்கப்பட்டால் கம்பெனி உங்கள் முகவரிக்கு எழுதும், மாற்றுப் பாகமும் தரும். சென்னையில் வாங்கிய மாடலுக்கு அங்கே யாரும் பொறுப்பில்லை. ஒரு பக்கிள் உடைந்தால்கூட உதிரி பாகம் கிடைக்காது.

#5 தாழம்பூ_சான்ஹோசே

வேளச்சேரி சார், உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் கலிஃபோர்னியாச் சட்டம் தனித்தனி.

2 வயதுக்குக் கீழே என்றால் பின்நோக்கித்தான் உட்கார வேண்டும். விதிவிலக்கு 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ எட்டிய குழந்தைக்கு மட்டும். சின்னவன் 22 பவுண்டு, 31 அங்குலம். அதனால் சந்தேகமே இல்லை, முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கணும். 2 வயது முடிந்த அன்றே திருப்பி விடணும் என்பதும் இல்லை. சீட்டின் பின்நோக்கு எடையோ உயரமோ எல்லையைத் தொடும்வரை அப்படியே வைத்திருக்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2018-இல் பரிந்துரைத்தது. காரணம் குழந்தையின் கழுத்து. உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்தெலும்பு இன்னும் முழுசாக இறுகவில்லை. முன்னால் மோதும்போது பின்நோக்கிய சீட் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒரே பலகையாகத் தாங்கும்.

8 வயதுக்குக் கீழே என்றால் பின் இருக்கையில், கார் சீட்டிலோ பூஸ்டரிலோ (பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்துக் கார் பெல்ட்டையே போடும் இருக்கை). 4 அடி 9 அங்குலம், அதாவது 145 செ.மீ. தாண்டினால் பெல்ட் போதும். பெரியவள் இந்த வகை.

கார் யாருடையது, ஓட்டுவது யார் என்பது இரண்டாம் பட்சம். பெற்றோர் வண்டிக்குள் இருந்தால் பொறுப்பு பெற்றோர் மேல். நண்பர் கார்தானே என்று விட முடியாது.

#6 வேளச்சேரி_வாசி

நன்றி. அப்படியானால் என்ன வாங்குவது? சின்னவனுக்குக் கூடை மாதிரித் தூக்கிக்கொண்டு போகும் சீட்டா? பெரியவளுக்கு முதுகு இல்லாத பூஸ்டர் போதுமா?

#7 தாழம்பூ_சான்ஹோசே

கூடை சீட் வேண்டாம். அது பிறந்த குழந்தைக்கு. எடை எல்லை 30-35 பவுண்டு என்று போட்டிருந்தாலும், உயரத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். உச்சந்தலைக்கும் சீட் ஓட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது மீதி வேண்டும். 16 மாதத்துப் பிள்ளைக்கு அந்தக் காசு வீண். கன்வெர்ட்டிபிள் வாங்குங்கள். பின்நோக்கி 40 பவுண்டு வரைக்கும், பிறகு திருப்பி முன்நோக்கியும் போடலாம்.

கன்வெர்ட்டிபிளில் இரண்டு கட்சி. பெரிய பஞ்சு வைத்தவை 20-25 பவுண்டு கனம், வசதி அதிகம், ஒரு காரிலேயே நிரந்தரமாக இருந்தால் நல்லது. காஸ்கோ சினேரா நெக்ஸ்ட் மாதிரி மெலிசானவை விலை நூறு டாலருக்குள், விமானத்துக்கும் வாடகைக் காருக்கும் லேசு. சான்று இரண்டுக்கும் ஒன்றே. விலை கூடினால் கிடைப்பது மெத்தையும், மாட்டுவதற்கான எளிமையும், அதிக உயர எல்லையும். முதல் மாதச் செலவு கையைக் கடிக்கிறது என்றால் மெலிசான சீட்டைச் சரியாக மாட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்த மெலிசான சீட் உங்கள் பெரியவளுக்கு ஆகாது. முன்நோக்கி எல்லை 40 பவுண்டு, 43 அங்குலம். அவள் 110 செ.மீ. என்றால் 43.3 அங்குலம். ஏற்கெனவே தாண்டிவிட்டாள்.

#8 ஏழாம்_கியர்

பெரியவளை ஒரு தடவை நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள். 18 கிலோ என்பது 39.7 பவுண்டு. நிறைய பூஸ்டர்களின் கீழ் எல்லை 40 பவுண்டு, அதாவது 18.1 கிலோ. நூறு கிராமில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிற்கிறாள்.

எடை போக, அவள் உட்காரும் விதமும் பார்க்கணும். பூஸ்டர் குழந்தையைக் கட்டிப் பிடிக்காது. குழந்தையை உயர்த்திக் கார் பெல்ட்டைச் சரியான எலும்புமேல் ஓட வைப்பது மட்டும்தான் அதன் வேலை. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் படியணும். தோள் பட்டை கழுத்தை உரசாமல், தோள் நுனிக்கும் நழுவாமல், நடுத்தோளில் போகணும். குழந்தை பயணம் முழுக்க அப்படியே உட்காரணும். தூங்கிச் சாய்ந்தால், கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனிந்தால், தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே தள்ளினால் பூஸ்டர் இருந்தும் இல்லாத கதைதான். அந்தப் பொறுமை இல்லாத ஐந்தரை வயசுக்கு ஐந்து-முனை வார் உள்ள சீட்டே மேல்.

என் யோசனை: வார், முதுகுள்ள பூஸ்டர் இரண்டுமாக மாறும் ஹார்னஸ்-டு-பூஸ்டர். வாரில் 65 பவுண்டு வரை தாங்குபவை கிடைக்கும். ஓரிரு வருஷம் வாரில் ஓட்டிவிட்டு, பிறகு வாரைக் கழற்றி அதையே பூஸ்டராக வைக்கலாம்.

முதுகில்லாத பூஸ்டருக்குக் காரின் ஹெட்ரெஸ்ட் அவள் காதளவுக்காவது இருக்கணும். அது சின்னதாக இருக்கும் பழைய காரில் முதுகுள்ளதுதான்.

#9 ஸ்காபரோ_பெடியன்

அண்ணா, இடையிலை ஒண்டு சொல்லுறன். கனடாவுக்குப் போற ஆக்களும் இதை வாசிப்பினம். அமெரிக்கச் சீற் கனடாவிலை செல்லாது. எங்களுக்கு நஷனல் சேஃப்டி மார்க் எண்டு நடுவிலை மேப்பிள் இலை போட்ட முத்திரை இருக்கோணும். அது இல்லாத சீற்றை இறக்குமதி செய்யவும் ஏலாது. பஃபலோ கடையிலை மலிவு எண்டு வாங்கிக்கொண்டு ரொறன்ரோ வாறதும் பிழைதான். ஒரே கொம்பனி, ஒரே மொடல் பேர், ஆனால் கனடாவுக்குச் செய்ததுக்கு மட்டும்தான் இலை இருக்கும்.

ஒன்ராறியோவிலை 9 கிலோவுக்குக் கீழை பின்நோக்கி, 9 இலை இருந்து 18 கிலோ வரை வார் உள்ள சீற், அதுக்கு மேலை 8 வயது, 36 கிலோ, 145 செ.மீ. இதிலை ஒண்டைத் தொடும்வரை பூஸ்ரர். முன்நோக்கிப் பூட்டினால் மேலை இருக்கிற ரெதர் வாரை (சீற்றின்ரை மேல்பக்கத்தைக் காரோடை பிணைக்கிற வார்) கட்டாயம் கொழுவோணும்.

அதோடை குளிர். தடிச்ச ஜக்கெற்றோடை பிள்ளையைக் கட்டக்கூடாது. பாக்க வார் இறுக்கமாய் இருக்கும். ஆனால் மோதேக்கை ஜக்கெற் நசிஞ்சு வார் தளர்ந்துபோம். ஜக்கெற்றைக் கழட்டி, பிள்ளையைக் கட்டி, ஜக்கெற்றை மறுபக்கமாய்த் திருப்பி மேலாலை போர்த்துங்கோ.

#10 தாழம்பூ_சான்ஹோசே

ஸ்காபரோ தம்பி சொன்ன ஜாக்கெட் விஷயம் சன்னிவேலில் அவ்வளவு வராது. தாஹோ பனிக்குப் போகும்போது கண்டிப்பாக வரும்.

#11 வேளச்சேரி_வாசி

புரிகிறது. அங்கேயே வாங்குவது என்று முடிவு. ஆனால் முதல் நாள்? இறங்கியவுடன் கடைக்குப் போக எப்படிப் போவது, சீட் இல்லாமல்?

#12 ஏழாம்_கியர்

இதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். சீட் உங்களுக்கு முன்னால் அங்கே போயிருக்கணும்.

நண்பர் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். இந்திய கார்டை அமெரிக்கக் கடைகளின் இணையதளம் பல நேரம் ஏற்பதில்லை, அதனால் அவரையே வாங்கச் சொல்லிப் பணத்தைப் பிறகு கொடுப்பது சுலபம். கடையின் சொந்தச் சரக்கா, வேறு விற்பனையாளரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரிய தளங்களில் மூன்றாம் நபர்கள் போலி சீட் விற்கிறார்கள். அடையாளம் சுலபம்: நெஞ்சுக் கிளிப் இல்லாமல் இருக்கும், கூட்டரசுத் தர லேபிள் இருக்காது, உறுதியான ஓடு இல்லாமல் வெறும் துணியும் வாருமாக மடித்துப் பையில் போடுகிற மாதிரி இருக்கும். விலை நம்ப முடியாதபடி குறைவு. அதைத் தொடக்கூட வேண்டாம்.

நீங்கள் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டி வந்துவிடட்டும். நண்பர் முந்தின வாரக்கடைசியில் தன் காரில் மாட்டிப் பார்க்கட்டும். ஏர்போர்ட் வாசலில், வண்டியை எடு எடு என்று விரட்டும் இடத்தில், அட்டைப்பெட்டியைப் பிரித்து மேனுவலைத் தேடுவது நடக்காத காரியம்.

இன்னொரு கணக்கு. ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி என்றால், கைக்குழந்தை டிக்கெட்டைக் கழித்தாலும் ஆறேழு பெட்டி வரும். பின் சீட்டில் இரண்டு கார் சீட் மாட்டிய காம்ரியில் இவை ஏறாது. ஓட்டுநர், நீங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், அதோடு கார் நிறைந்தது. லக்கேஜுக்கு இன்னொரு வண்டியோ, ஒரு மினிவேனோ ஏற்பாடு செய்யுங்கள். பெட்டிக்காகக் கார் சீட்டைக் கழற்றும் நிலைமை வரக்கூடாது.

#13 மெல்பன்_கொன்றை

வாடகைக் கார் கம்பெனியில் சீட்டும் வாடகைக்குக் கேட்கலாமே?

#14 ஏழாம்_கியர்

கேட்கலாம். ஒரு வாரம் எடுத்தால் மெலிசான சீட் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும். முன்பதிவு செய்தும் கவுன்ட்டரில் வேறு அளவு சீட் வரலாம். மேனுவல் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். விபத்தில் பட்டதா என்பது தெரியாது. வேறு வழியே இல்லாவிட்டால் எடுங்கள், ஆனால் உற்பத்தித் தேதியையும் பக்கிள் ‘க்ளிக்’ என்று உட்காருகிறதா என்பதையும் பார்த்துவிட்டு. மாட்டுவது உங்கள் வேலை. கவுன்ட்டர் ஊழியர் மாட்டித் தர மாட்டார்.

#15 அக்கரைச்சீமை

விமானத்தில் சின்னவனுக்குத் தனி சீட் எடுத்தால் கார் சீட் கொண்டு ஏறலாமா என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்து. அமெரிக்க லேபிளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: மோட்டார் வண்டியிலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்று. அந்த வரி உள்ள சீட்டை ஜன்னலோர இருக்கையில் வைக்கலாம். அவசர வழி வரிசையிலும் அதற்கு முன்பின் வரிசையிலும் வைக்கக் கூடாது. பூஸ்டரை விமானம் ஏறி இறங்கும்போது பயன்படுத்த முடியாது. விமான இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டும்தான், பூஸ்டருக்குத் தோள் பட்டையும் வேண்டும். நீங்கள் அங்கே போய் வாங்கப் போகிறீர்கள் என்பதால் இந்தப் பயணத்துக்கு இது பொருந்தாது. சின்னவன் மடியில்தான் வருவான் என்றால் கால் நீட்டும் முன்வரிசைத் தொட்டிலுக்கு இப்போதே கேட்டு வையுங்கள், அதற்கும் எடை எல்லை உண்டு.

#16 பொறிஞர்_கோவை

பழைய கார் வாங்குவதாகச் சொன்னீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம். 2002 செப்டம்பர் 1-க்குப் பிறகு செய்த அமெரிக்கப் பயணிகள் கார்களில் லாட்ச் கொக்கிகள் கட்டாயம். ஐசோஃபிக்ஸின் அமெரிக்கப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி ஒன்றே, ஆனால் அமெரிக்க சீட்டில் பெரும்பாலும் இறுக்கிக்கொள்ளும் நாடா இருக்கும், ஐரோப்பிய சீட்டில் விறைப்பான இரும்புக் கை. செடான்களில் பெரும்பாலும் இரண்டு ஓர இருக்கைக்கு மட்டும்தான் கீழ்க் கொக்கி. நடுவில் மாட்ட ஓரத்துக் கொக்கிகளில் ஒன்றொன்றை இரவல் வாங்கக் கூடாது, கார் மேனுவலும் சீட் மேனுவலும் இரண்டுமே சம்மதித்தால் ஒழிய. நடுவில் பெல்ட்டால் மாட்டலாம்.

பலருக்குத் தெரியாத எல்லை ஒன்று: குழந்தை எடையும் சீட் எடையும் சேர்ந்து 65 பவுண்டைத் தாண்டினால் கீழ்க் கொக்கியைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பெரியவளுக்கே போட்டுப் பார்ப்போம். ஹார்னஸ் சீட் 24 பவுண்டு என்றால், 65-இல் 24 போக 41. அவள் இப்போதே கிட்டத்தட்ட 40. வாங்கிய சில மாதத்தில் கொக்கியைக் கழற்றிப் பெல்ட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதனால் அவள் சீட்டை முதல் நாளே கார் பெல்ட்டும் மேல் டெதரும் கொண்டு மாட்டிவிடுவது புத்திசாலித்தனம். சீட்டின் லேபிளிலேயே கீழ்க் கொக்கிக்கான குழந்தை எடை எல்லை எழுதியிருக்கும்.

பெல்ட்டில் மாட்டினால் பாதுகாப்புக் குறைவு என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. கிடையாது. இரண்டும் சமம். இரண்டையும் சேர்த்து மாட்டினால் இன்னும் பலம் என்பதும் தப்பு. மேனுவல் சொன்னால் ஒழிய ஏதாவது ஒன்றுதான்.

#17 வேளச்சேரி_வாசி

பெல்ட்டில் மாட்டுவதைக் கொஞ்சம் படிப்படியாகச் சொல்ல முடியுமா சார்? இங்கே நம் காரில் பெல்ட்டை இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது, இறுகுவதில்லை.

#18 ஏழாம்_கியர்

நல்ல கேள்வி, அதுதான் இந்திய காருக்கும் அமெரிக்க காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம். நம் ஊர் பெல்ட் வெடுக்கென்று இழுத்தால் மட்டும் பூட்டும், மெதுவாக இழுத்தால் விடும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல், பின் இருக்கை பெல்ட் கார் சீட்டுக்காகப் பூட்டி நிற்கும்படி இருக்கணும். பெரும்பாலும் அது சுருளில் இருக்கும்: பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துவிட்டு மெல்ல உள்ளே விட்டால் ‘கட கட கட’ என்று பல் விழும் சத்தம் கேட்கும். அந்த நிலையில் உள்ளே போகும், வெளியே வராது.

சின்னவன் சீட், பின்நோக்கி. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் சாய்வு காட்டி பொய் சொல்லும். சீட்டை வைத்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள், குமிழியோ கோடோ அந்த வயதுக்கு உரிய பட்டைக்குள் வரணும். ஒரே சீட்டில் இரண்டு பெல்ட் வழி இருக்கும், பின்நோக்கிக்கு ஒன்று, முன்நோக்கிக்கு ஒன்று. பின்நோக்கி வழி குழந்தையின் கால் பக்கம், கீழே. அதில் பெல்ட்டை முறுக்கு விழாமல் விட்டுப் பக்கிளில் பூட்டுங்கள். தோள் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை இழுங்கள், விடுங்கள், சத்தம் வரட்டும். இனி ஒரு கையால் சீட்டின் உட்காரும் இடத்தில், பெல்ட் வழிக்கு நேரே அழுத்திக்கொண்டு, மறுகையால் தோள் பெல்ட்டை வழியின் ஓரத்திலிருந்து இழுத்துத் தளர்ச்சியை உள்ளே ஊட்டுங்கள். முழங்காலை வைத்து ஏறி மிதிக்கத் தேவையில்லை. அவ்வளவு பலம் தேவைப்பட்டால் கோணம் எங்கோ தப்பு.

சோதிப்பது பெல்ட் வழியில் மட்டும். அங்கே பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னும் ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பின்நோக்கிய சீட்டின் தலைப்பக்கம் ஆடத்தான் செய்யும், அது குறையில்லை. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு “லூஸா இருக்கு” என்று மறுபடி மறுபடி மாட்டுபவர்கள் நிறைய.

பெரியவள் சீட்டும் இதே மாதிரிதான், முன்நோக்கி வழியில். கூடுதலாக மேல் டெதர். கொக்கி சீட் முதுகின் பின்னாலோ, பின்கண்ணாடித் தட்டில் ஒரு மூடிக்குக் கீழேயோ, மினிவேனில் தரையிலோ கூரையிலோ இருக்கும். லக்கேஜ் கொக்கியை அது என்று நினைத்து மாட்டிவிடக் கூடாது, கார் மேனுவலில் நங்கூர அடையாளம் பார்த்து உறுதிசெய்யுங்கள். டெதர் மாட்டினால் மோதலில் தலை முன்னால் பாய்வது நாலு முதல் ஆறு அங்குலம் குறையும். முன்சீட்டு முதுகில் நெற்றி இடிப்பதற்கும் இடிக்காமல் தப்புவதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

#19 தாழம்பூ_சான்ஹோசே

சீட் சரியாக உட்கார்ந்தாலும் பிள்ளையைக் கட்டுவதில்தான் தினமும் தப்பு நடக்கிறது, அதனால்: பின்நோக்கியில் தோள் வார் புறப்படும் துளை தோளுக்குச் சமமாகவோ கீழேயோ. முன்நோக்கியில் சமமாகவோ மேலேயோ. கிளிப் அக்குள் உயரத்தில், வயிற்றில் இல்லை. இறுக்கத்துக்குச் சோதனை: காறை எலும்புக்கு மேலே வாரை நீளவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இழுக்கணும், விரல் வழுக்கினால் போதும்.

தனியாக வாங்கிய தலையணை, தோள் பஞ்சு, கண்ணாடி, பொம்மைத் தட்டு எதையும் சேர்க்காதீர்கள். சீட்டோடு வந்தது மட்டும். வாரை வாஷிங் மெஷினில் போடவே கூடாது, நூல் பலம் போய்விடும். பால் சிந்தினால் ஈரத்துணியும் மிதமான சோப்பும்.

#20 மூவிங்_சேல்

சான்ஹோசே, ஃப்ரீமான்ட் தமிழ் வாட்ஸாப் குரூப்புகளில் ஊருக்குத் திரும்புபவர்கள் கார் சீட்டை இருபது டாலருக்குத் தள்ளிவிடுகிறார்கள். சும்மாவே கொடுப்பவர்களும் உண்டு. அதை எடுத்தால் என்ன?

#21 ஏழாம்_கியர்

கட்டில், மேசை, குக்கர் தாராளமாக எடுங்கள். சீட் என்றால் ஆளைத் தெரிந்திருக்கணும், அவர் சொல்வதை நம்பணும். மூலத்தில் வாங்கியவர் அவரே, விபத்தே இல்லை, உற்பத்தித் தேதியிலிருந்து காலாவதி ஆகவில்லை, ரீகால் இல்லை, எல்லாப் பாகமும் மேனுவலும் உண்டு. இதில் ஒன்றுக்கு “தெரியலைங்க” என்று பதில் வந்தால் வேண்டாம். தேதி சீட் ஓட்டில் அச்சாகியிருக்கும், பெரும்பாலான சீட்டுகளுக்கு 6 முதல் 10 வருஷம் ஆயுள். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் வெந்து நொய்ந்துபோகிறது. மாடல் எண்ணை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால் ரீகால் தெரியும்.

சிறு மோதல் என்றால் மாற்ற வேண்டாமா என்பதற்கு அதே அமைப்பின் அளவுகோல் உண்டு. காரை அங்கிருந்து ஓட்டிச் செல்ல முடிந்தது, சீட்டுக்கு அருகே உள்ள கதவு அடிபடவில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. ஐந்தும் உண்மையாக இருந்தால்தான் சிறு மோதல். ஒன்று தப்பினாலும் சீட் மாறணும்.

#22 மெல்பன்_கொன்றை

ஆஸ்திரேலியா வருபவர்களுக்கு இரண்டு வரி. இங்கே ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 1754 முத்திரை உள்ளது மட்டும்தான். ஐரோப்பிய சீட்டும் அமெரிக்க சீட்டும் இரண்டுமே செல்லாது. 6 மாதம் வரை பின்நோக்கி, 4 வயது வரை வார். எடையைவிடத் தோள் உயரக் கோட்டை வைத்துத்தான் சீட் மாற்றுவது, சீட் துணியிலேயே கோடு அச்சாகியிருக்கும். பின்நோக்கிக்கும் மேல் டெதர் மாட்டுவது இங்கே வழக்கம். இங்கிருந்து நியூசிலாந்து மாறினால் அதே சீட்டை எடுத்துப் போகலாம். அங்கே ஐரோப்பிய முத்திரையும் ஏற்கப்படும், ஆனால் அதை இங்கே கொண்டுவர முடியாது.

#23 அக்கரைச்சீமை

பிரிட்டன்: 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆர்44-க்குப் பிறகு வந்த ஐரோப்பிய விதியான ஆர்129 முத்திரை சீட் என்றால் 15 மாதம் தாண்டும்வரை பின்நோக்கி. சென்னையில் வாங்கிய, ஈ முத்திரை உண்மையாக உள்ள சீட் அங்கே செல்லும். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் கீழே குழந்தை சீட் தேவை. டாக்சிக்கு விலக்கு உண்டு, ஆப்பில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை.

#24 பொறிஞர்_கோவை

வேளச்சேரி சார், மூன்று நாலு வருஷத்தில் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் வாங்கும்போதே ஒன்று யோசியுங்கள். அமெரிக்க சீட்டை நம் காரில் பெல்ட்டால் மாட்டினால், ஏழாம்_கியர் சொன்ன பூட்டும் சுருள் இங்கே இல்லாததால், சீட் மெல்ல மெல்லத் தளரும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு உள்ள மாடல் என்றால் அந்தச் சிக்கல் இல்லை, பிரிட்டாக்ஸ் ‘க்ளிக்டைட்’ மாதிரி. இல்லையென்றால் எச் வடிவ இரும்பு லாக்கிங் கிளிப் போடணும், பக்கிள் நாக்கிலிருந்து ஓர் அங்குலத்துக்குள். அந்த வேலை ஒவ்வொரு தடவையும் எரிச்சல். ஐசோஃபிக்ஸும் மேல் டெதர் கொக்கியும் உள்ள கார் என்றால் எடை எல்லைவரை பிரச்சினையில்லை. ஆனால் அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் சீட்டை அந்த நாட்டுக்கு வெளியே பயன்படுத்தினால் பொறுப்பேற்பதில்லை. நேர்மையாகச் சொன்னால், திரும்பும்போது இங்கே ஈ முத்திரை சீட் புதிதாக வாங்குவதே நல்லது. இங்கேயும் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம், பிரிவு 194பி.

#25 வேளச்சேரி_வாசி

எல்லோருக்கும் நன்றி. சின்னவனுக்கு மெலிசான கன்வெர்ட்டிபிள், பெரியவளுக்கு ஹார்னஸ்-டு-பூஸ்டர் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். காலையில் நிறுத்துப் பார்த்ததில் பெரியவள் 17.8 கிலோ, அதனால் வார்தான். ஒரே ஒரு கேள்வி: கார் வாங்கிய பிறகு நான் மாட்டியது சரியா என்று யாரிடம் காட்டுவது?

#26 தாழம்பூ_சான்ஹோசே

கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல் அலுவலகங்களில் சான்று பெற்ற டெக்னீஷியன் உண்டு. இலவசம். நேரில் போய் நிற்காமல் போனில் நேரம் வாங்குங்கள், வாரக்கணக்கில் தள்ளிக் கொடுப்பார்கள், அதனால் கார் கைக்கு வரும் தேதி தெரிந்தவுடனே கூப்பிடுங்கள். சேஃப் கிட்ஸ் அமைப்பின் தளத்திலும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடலாம்.

போகும்போது காரின் மேனுவல், இரண்டு சீட்டின் மேனுவல், பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களுடைய இன்றைய எடை உயரம். சீட்டை நீங்களே மாட்டிக்கொண்டு போங்கள். அவர் கழற்றிவிட்டு உங்களையே மறுபடி மாட்டச் சொல்வார், அதுதான் அவர்கள் முறை. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். பதிவு அட்டையை அன்றைக்கே நிரப்பி அனுப்பிவிடுங்கள், பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.